தூறல் போடும் மொடலும் தண்ணி ஏறும் பேஸ்மென்டும்



2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, டெபி சூறாவளியின் மிச்சம் மொன்றியலுக்கு மேலால் போனது. ட்ரூடோ விமான நிலையத்தில் அந்த ஒரு நாளில் மட்டும் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்த நிலையத்தின் பழைய ஒருநாள் உச்சம் நூறைக்கூடத் தொட்டதில்லை. 5 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் நின்றது. இன்சூரன்ஸ் கம்பனிகள் கட்ட வேண்டிவந்த தொகை 250 கோடி டொலரைத் தாண்டியது. 1998 பனிமழைப் பேரழிவையும் பின்னுக்குத் தள்ளி, கியூபெக் வரலாற்றில் அவர்களுக்கு ஆகக் கூடிய செலவு வைத்த இயற்கை அனர்த்தம் அதுதான். பிறகு 2025 ஜூலை 13 வந்தது. திரும்பவும் சில மணித்தியால மழை, திரும்பவும் வீதியெல்லாம் தண்ணி, திரும்பவும் நனைந்த சோபாக்களும் மெத்தைகளும் வீட்டு வாசலில்.

இப்படி ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எங்கட ஆக்களுக்குள்ள இரண்டு விதமான கதை நடக்கும். ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும். "நாளைக்கு மழை எவ்வளவு எண்டே சரியாச் சொல்லேலாதவங்கள், 2080 இல மழை எப்படியிருக்கும் எண்டு கொம்பியூட்டரில பார்த்துச் சொல்லுறாங்களாம்" என்று ஒரு மாமா எழுதுவார். கீழே நாலு பேர் சிரிப்பு முகம் போடுவார்கள். மற்றது எங்கட பக்கத்துக் கதை. "விஞ்ஞானம் தெளிவாகச் சொல்லிவிட்டது" என்று ஒரு போஸ்டர், அதில் ஒரு சிவப்பு வரைபடம், அவ்வளவுதான்.

மாமாவின் முடிவு பிழை. ஆனால் அவருடைய கேள்வி நல்ல கேள்வி. அதை நாங்கள் சிரிச்சுக் கடந்து போறதால் ஒரு பெரிய அரசியல் வாய்ப்பையும் கைவிடுகிறோம் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வாறது. காலநிலை மொடல்கள் கனமழையை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன? எங்கே பிழைக்கின்றன? அந்தப் பிழையின் செலவு யாருடைய தலையில் விழுகிறது? மூன்றாவது கேள்விக்குப் போக முதல் இரண்டும் தெரிய வேணும். கொஞ்சம் பௌதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்த நாட்டு மழையும் எங்கட ஊர் மழையும் ஒரே சாமான் இல்லை. யாழ்ப்பாணத்தில் கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற மழை வடகீழ்ப் பருவக்காற்றும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும் தருவது. இங்கே புரோசார்டில் வருஷம் முழுக்கப் பெய்கிறதில் பெரிய பங்கு 'ஃப்ரொண்ட்' என்று வானிலைக்காரர் சொல்லுகிறதால் வாறது. தெற்கேயிருந்து வருகிற வெக்கையான ஈரக்காற்றும் வடக்கேயிருந்து வருகிற குளிர்ந்த காற்றும் முட்டுகிற எல்லைக்கோடு அது. குளிர்காற்று பாரமானது, கீழே கிடக்கும். ஈரக்காற்று அதுக்கு மேலால் ஏறும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் நீராவி தண்ணியாகிக் கொட்டும். முகப்பு என்று தமிழில் எழுதலாம், நான் அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பெயர் வந்த கதையும் சொல்ல வேண்டியது. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919 இல், நோர்வேயின் பேர்கன் நகரத்து வானிலையாளர்கள் போர்க்களத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. இரண்டு படைகள் முகத்துக்கு முகம் நிற்கிற கோடு. 'முன்னரங்கு' என்ற சொல்லைச் செய்தியில் கேட்டு வளர்ந்த அம்மா அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முன்னரங்கு நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு ஊருக்குச் சேதம் குறைவு. ஒரே இடத்தில் நின்றுவிட்டால்தான் அந்த ஊர் சரி. மழை முகப்பும் அப்படித்தான்.

2024 ஆகஸ்டில் நடந்தது இதன் கலப்படம். டெபி புளோரிடாவில் ஆகஸ்ட் 5 கரையேறி, பிறகு தென் கரோலினாவில் இரண்டாம் தரம் கரையேறி, சூறாவளி என்ற தகுதியை இழந்து வடக்கே வந்தது. காற்றின் வேகம் போய்விட்டது. ஈரம் போகவில்லை. அந்த வெப்பமண்டல ஈரம் சென் லோறன்ஸ் பள்ளத்தாக்குக்கு மேலே இருந்த முகப்பு வலயத்தில் ஏறினபோது நாள் முழுக்க நின்று பெய்தது. 'சூறாவளி முடிந்துவிட்டது, இனி வெறும் மிச்சம்தான்' என்று செய்தியில் கேட்டால் இனிமேல் கொஞ்சம் பயப்படுங்கோ.

இனி மொடலுக்கு வருவோம். தமிழில் 'மாதிரி' என்று எழுதலாம். ஆனால் 'மாதிரி' என்றால் 'போல' என்றும் அர்த்தம், 'மழை மாதிரி' என்று எழுதினால் பகிடியாய்ப் போகும். பகிடியில் கொஞ்சம் உண்மையும் இருக்கு.

உலகக் காலநிலை மொடல் பூமியைப் பெட்டி பெட்டியாய்ப் பிரிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு ஈரப்பதன், ஒரு காற்று. கனடா அரசின் மொடல் ஒன்று இருக்கு, கான்-ஈஎஸ்எம்-5 என்று பெயர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரத்தில் செய்தது. அதில் ஒரு பெட்டியின் அகலம் ஏறத்தாழ 2.8 பாகை. எங்கட அகலக்கோட்டில் கணக்குப் பார்த்தால் கிழக்கு மேற்காய் 200 கிலோமீற்றருக்கு மேல், வடக்குத் தெற்காய் 300 கிலோமீற்றர் அளவில். மொன்றியலும் ஒட்டாவாவும் ஒரே பெட்டிக்குள் அடங்குகிற அளவு. வேறு நாட்டு மொடல்கள் பலவற்றில் பெட்டி 100 கிலோமீற்றர் அளவில் இருக்கும். இதுக்குள்ளே ஒரு முகப்பின் மழைப்பட்டை, அதிலும் அந்தப் பட்டைக்குள் சில கிலோமீற்றர் அகலத்தில் எழும்புகிற இடிமுகில், எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே பெட்டிக்குள் இவ்வளவு ஈரம், இவ்வளவு வெப்பம் இருந்தால் இவ்வளவு மழை பெய்யும் என்று ஒரு சூத்திரத்தை எழுதி ஒட்டுவார்கள். காற்றின் ஓட்டம் அடிப்படை விதியிலிருந்து வாறது. மழை, பெரும்பாலும், அந்த ஒட்டுச் சூத்திரத்திலிருந்து வாறது.

அதன் விளைவு பல வருஷமாய்த் தெரிந்ததுதான். 2010 இல் கிரேம் ஸ்டீவன்ஸ் தலைமையில் வந்த ஒரு ஆய்வு, மொடல்களுக்குள் மழை நிஜத்தை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு தடவை பெய்கிறது, ஆனால் மிக மெல்லிசாய்ப் பெய்கிறது என்று காட்டியது. அந்த ஆய்வின் தலைப்பில் ஒரு ஆங்கிலச் சொல் போட்டிருப்பார்கள், அதுக்கு எங்கட அம்மம்மாக்களின் சரியான சொல் ஒன்று உண்டு: மந்தாரம். மொடலுக்குள் எந்நேரமும் மந்தாரம், எந்நேரமும் தூறல்.

முகப்பு மழையைத் தனியாய் எடுத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜெனிஃபர் காட்டோ. அவரும் சக ஆய்வாளர்களும் 2012 இல் உலகம் முழுக்க முகப்புகளைக் கணினியால் கண்டுபிடித்து, எந்த மழை முகப்போடு சேர்ந்தது என்று பிரித்தார்கள். நடு அகலக்கோடுகளில், புயல்கள் வழக்கமாய்ப் போகிற பாதைகளில், சில இடங்களில் 90 வீதம் வரை முகப்பு மழை. அடுத்த வருஷம் கனமழைக்கு மட்டும் அதே கேள்வியைக் கேட்டபோதும் படம் ஏறத்தாழ அதேதான். பிறகு 2015 இல் அவர்கள் மொடல்களைச் சோதித்தார்கள். குளிர்கால முகப்பு மழையின் மொத்த அளவை மொடல்கள் நல்லாய்த்தான் தருகின்றன. ஆனால் எப்படித் தருகின்றன என்று உள்ளே பார்த்தால், முகப்பு மழை பெய்கிற தடவைகள் கூட, ஒவ்வொரு தடவையும் பெய்கிற அளவு குறைவு. இரண்டு பிழையும் ஒன்றையொன்று சமன் செய்து மொத்தம் சரியாய் வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கோ, இது சின்ன விஷயமில்லை. ஒரு மாதத்தில் 5 நாள், நாளுக்கு 20 மில்லிமீற்றர் மழை பெய்யுது என்று வையுங்கோ. மொத்தம் 100. மொடல் 20 நாள், நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று சொல்லுது. அதுவும் 100. விவசாயத் திணைக்களத்துக்கு, அணைக்கட்டில் வருஷத்துக்கு எவ்வளவு தண்ணி சேரும் என்று பார்க்கிற ஆளுக்கு, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வீதிக்குக் கீழே கிடக்கிற குழாய்க்கு அவை ஒன்றல்ல. நாளுக்கு 5 என்றால் அந்தக் குழாய் நூறு வருஷம் சும்மா கிடக்கும். ஒரு நாளில் 150 என்றால் 100 சதுர மீற்றர் கூரை ஒன்றிலிருந்து மட்டும் 15,000 லீற்றர் தண்ணி இறங்கும். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்தும் அதேயளவு. முன்னால் இருக்கிற பார்க்கிங்கிலிருந்து அதைவிடப் பல மடங்கு. எல்லாம் ஒரே குழாய்க்கு.

ஆகவே 'மொடல் சராசரியைச் சரியாகக் காட்டுது' என்று யாராவது சொன்னால், எந்தச் சராசரி, யாருக்குச் சராசரி என்று கேட்க வேணும். எந்த வீடும் சராசரி மழையில் மூழ்கினதில்லை.

கோடைகால முகப்பு இன்னும் சிக்கல். குளிர்காலத்தில் முகப்பு பெரும்பாலும் அகலமாய், ஒரு ஒழுங்காய் வரும். ஆகஸ்டில் அதுக்குள்ளேயே இடிமுகில்கள் எழும்பும், ஒரு நகரசபையில் கொட்டும், அடுத்ததில் கொட்டாது. அதைப் பிடிக்கப் பெட்டியைச் சின்னனாக்க வேணும். பெட்டியின் அகலத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை ஏறத்தாழ 8 மடங்கு: நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, நேரத்தையும் பாதிப் பாதியாய் வெட்ட வேணும். 2 அல்லது 3 கிலோமீற்றர் பெட்டிக்குப் போனால்தான் இடிமுகிலைச் சூத்திரம் ஒட்டாமல் நேரடியாய்க் காட்டலாம். அடுத்த இரண்டு நாளுக்கான வானிலை அறிவிப்புக்கு கனடா 2.5 கிலோமீற்றர் பெட்டியைத்தான் பாவிக்கிறது. 2024 ஆகஸ்டில் மழை வர முன்னமே எச்சரிக்கை வந்ததுக்கு இப்படியான மொடல்கள்தான் காரணம், மாமாவுக்கு இதையும் சொல்லுங்கோ. நூறு வருஷத்தை அந்தப் பெட்டியில் ஓட்டுவதற்கு வேண்டிய கணினியும் காசும் வேறு அளவு.

இடையில் ஒரு நல்ல செய்தி, அதுவும் எங்கட நகரத்திலிருந்தே. 1996 சகெனே வெள்ளமும் 1998 பனிமழையும் தந்த அடியில்தான் மொன்றியலில் உரானோஸ் என்ற காலநிலை ஆய்வுக் கூட்டமைப்பு பிறந்தது. அவர்களும் கியூபெக் மொன்றியல் பல்கலைக்கழகத்து ஆட்களும் சேர்ந்து வளர்த்த பிராந்திய மொடல் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் பெட்டியில் ஓடுகிறது. ஜெர்மனியின் பவேரியாவோடு சேர்ந்து செய்த கிளைமெக்ஸ் திட்டத்தில் அதே மொடலை 50 தரம் ஓட்டினார்கள், ஒவ்வொரு தரமும் தொடக்கத்தில் ஒரு சின்ன வித்தியாசம் வைத்து. ஏன் 50 தரம்? நூறு வருஷத்துக்கு ஒரு தரம் வாற மழையை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தால் நீங்கள் காண்பது அதிர்ஷ்டம்தான். 50 தரம் ஓட்டினால் அபூர்வமான மழையையும் எண்ணிப் பார்க்கலாம். பொதுக் காசில் செய்த வேலை இது. மொடல் சரியில்லை என்பவர்கள் இந்த மாதிரி வேலைக்குக் காசு கூட்டச் சொல்லி ஒருநாளும் கேட்பதில்லை, கவனிச்சிருக்கிறீங்களோ?

அதுக்கு மாறாய், 2025 டிசம்பரில் அமெரிக்க அரசு கொலராடோவின் போல்டர் நகரத்தில் இருக்கிற தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைக் கலைக்கப் போவதாய் அறிவித்தது. உலகம் முழுக்க, இலங்கை இந்தியப் பல்கலைக்கழகங்கள் உட்பட, இலவசமாய்ப் பாவிக்கிற மொடல்கள் அங்கேதான் வளர்ந்தன. சந்தேகம் உண்மையாய் இருக்கிறவன் கருவியைத் திருத்துவான், உடைக்க மாட்டான்.

சரி, மொடல் மழையில் இவ்வளவு பிழை விடும் என்றால் எதைத்தான் நம்புவது? இரண்டாய்ப் பிரியுங்கோ. காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பௌதிகம், எந்தப் பெட்டியும் தேவையில்லை. ஐபிசிசியின் ஆறாவது அறிக்கையும், உலக அளவில் கனமழையின் தீவிரம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ அதே 7 வீதத்தால் கூடும் என்றுதான் சொல்கிறது. அளந்த மழைத் தரவுகளும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. தடுமாற்றம் வருவது அடுத்த கேள்வியில்: முகப்புகள் எங்கே போகும், எத்தனை தரம் வரும், எங்கே நின்றுவிடும்? அது காற்றோட்டத்தின் விஷயம், அதில் மொடல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போறதில்லை. ஆகவே 'புரோசார்டில் 2060 இல் இத்தனை மில்லிமீற்றர்' என்று யாராவது தசம எண்ணோடு சொன்னால் நம்பாதேங்கோ. 'முகப்பு வந்தால் முந்தியை விடக் கூடக் கொட்டும்' என்று சொன்னால் நம்புங்கோ.

இதில் எங்கட பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கு. ஒவ்வொரு பேரழிவுக்கும் 'காலநிலை மாற்றத்தால் இத்தனை வீதம்' என்று ஒரு இலக்கம் கிடைத்தால்தான் போராடலாம் என்ற பழக்கம் எங்களுக்குள் வந்துவிட்டது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 494 மில்லிமீற்றர். பிறகு வந்த விஞ்ஞான ஆய்வு, அந்த மழையில் காலநிலை மாற்றத்தின் கையைக் காட்ட முடியவில்லை என்று நேர்மையாய் எழுதியது. காற்றில் இருக்கிற மாசுத் துகள்கள் சூடேறுவதை மறைத்திருக்கலாம் என்றும் சொன்னது. அதுக்காகச் சென்னை மக்களின் குற்றச்சாட்டு பொய்யாகிவிட்டதா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணி திறந்த விதம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேலே கட்டின கட்டடங்கள், அடையாற்றங்கரைக் குடிசைகள் முதலில் போனது, எதுவும் பொய்யாகவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில் லயன் வீடுகளும் மண்ணோடு போயின. அதையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அளந்த தரவுகள் கனமழை கூடியிருப்பதைக் காட்டின, மொடல்கள் ஒரே பதிலைத் தரவில்லை. ஒரு சின்னத் தீவு, நடுவில் மலை, இதைப் பெரிய பெட்டி எப்படிப் பார்க்கும்? ஆக, மொடல் யாருடைய மழையைச் சரியாகப் பார்க்கிறது என்பதே ஒரு வர்க்கக் கேள்வி, காலனியக் கேள்வி. மழைமானிகள் நெருக்கமாய் இருக்கிற இடத்தில், கணினிக்குக் காசு இருக்கிற இடத்தில், மொடலைத் திருத்தலாம். மலையகத்தில் இலக்கத்துக்குக் காத்திருந்தால் இலக்கம் வர முதல் இன்னொரு மலை சரியும். இருநூறு வருஷமாய் அந்தச் சனத்துக்குச் சொந்தக் காணி இல்லாததுதான் அவர்களை அந்தச் சரிவில் வைத்திருக்கிறது. அதைச் சொல்ல எந்த மொடலும் தேவையில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். புரோசார்ட் 1958 இல் நகரமானது. அதுக்கு முதல் பெரும்பாலும் தட்டையான விவசாய நிலம். பிறகு பேட்டை பேட்டையாய்க் கட்டினார்கள். ஒரு பேட்டையின் வீதிகள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும், அதனால் பீட்சா கொண்டு வாற தம்பிமார் படுகிற பாடு தனிக்கதை. அந்தக் குழாய்கள் எந்த மழைக்குக் கணக்குப் பார்த்துப் புதைத்தவை? பொறியியலாளர்கள் பழைய மழைப் பதிவுகளை எடுத்து, இத்தனை நிமிஷத்தில் இத்தனை மில்லிமீற்றர் இத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் வரும் என்று ஒரு வளைகோடு போடுவார்கள். குழாய் அந்தக் கோட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆள் இப்போது கொழுத்துவிட்டான். புதுக் குழாய்களுக்கு அந்தக் கோட்டை ஒரு குறிப்பிட்ட வீதம் உயர்த்தச் சொல்லி கியூபெக்கில் வழிகாட்டல் இருக்கு. அந்த வீதம் மொடல்களிலிருந்து வருவது. தூறல் பக்கம் சாய்கிற மொடல்களிலிருந்து. அதைச் சரிக்கட்டப் புள்ளிவிபர முறைகள் உண்டு. சரிக்கட்டுவது பழைய அவதானிப்புகளை வைத்துத்தான், எதிர்காலத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. எனவே அந்த வீதத்தை உச்சமாய் எடுக்காமல் அடித்தளமாய் எடுக்க வேணும். பழைய குழாய்களுக்கோ அந்த வீதம்கூட இல்லை, அவை கிடக்கிறபடிதான் கிடக்கின்றன.

மேலே, சாலையின் இரு பக்கமும் தாரும் சிமெந்தும். தஷெரோ புலவாரையும் டீஸ்-திரான்ட் கடைத்தொகுதியின் பார்க்கிங்கையும் மேலேயிருந்து பார்த்தால் தண்ணி மண்ணுக்குள் இறங்க ஒரு இடைவெளி தேட வேணும். கீழே, சரிந்து இறங்குகிற கராஜ் வாசல்கள். தண்ணிக்கு வீதியிலிருந்து நேராய் பேஸ்மென்டுக்குப் போட்டுக் கொடுத்த பாதை மாதிரி. அந்த பேஸ்மென்டில் யார்? புதுசாய் வந்த அகதிக் கோரிக்கையாளர், ஒரு மாணவன், வாடகை கூடினதால் மேல்மாடியிலிருந்து கீழே வந்த குடும்பம். எங்கட ஆக்கள் இந்த நாட்டில் முதல் படுத்தெழும்பின இடம் பேஸ்மென்ட் தானே.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படியொரு பேஸ்மென்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். சாக்கடைத் தண்ணி பின்னுக்கு அடித்து உள்ளே வந்தது. வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் சுவரையும் தரையையும் பார்த்தது. அக்காவின் கட்டில், பிள்ளைகளின் உடுப்பு, குளிர்கால ஜக்கெட், ஒன்றுக்கும் ஒரு சதமும் இல்லை. அவரிடமும் வாடகைக்காரர் இன்சூரன்ஸ் இருந்தது, மாதாமாதம் கட்டினார். ஆனால் 'சாக்கடை பின்னடிப்பு' அதில் இல்லையாம், அது தனியாய்க் காசு கட்டிச் சேர்க்க வேண்டிய ஒரு பின்னிணைப்பாம். பிரெஞ்சில் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது.

கம்பனிகளுக்கு எந்த வீதியில் எவ்வளவு ஆபத்து என்று தெரியாமல் இல்லை. பேரழிவு மொடல்கள் என்று அவர்களுக்குத் தனி மொடல்கள் உண்டு, தனியார் கம்பனிகள் செய்து விற்கிறவை. அவை பூட்டிய பெட்டி. வீட்டுக்காரனுக்கும் தெரியாது, வாடகைக்காரனுக்கும் தெரியாது, நகரசபைக்கும் முழுக்கத் தெரியாது. ஆபத்து கூடின இடத்தில் கட்டணம் ஏறும்போதோ பின்னிணைப்பு வெட்டப்படும்போதோதான் தெரியவரும். 2024 தொடக்கத்தில் டெஜார்டன், 20 வருஷத்துக்கு ஒரு தரம் வெள்ளம் வரக்கூடிய வலயங்களில் வீடு வாங்க அடமானக் கடன் கொடுப்பதை நிறுத்தியது செய்தியில் வந்தது. காலநிலை மொடலை ஆகக் கவனமாய் வாசிக்கிறவர்கள் அதை மறுக்கிறவர்களும் இல்லை, நாங்களும் இல்லை, முதலாளிகள்தான்.

அரசு என்ன செய்யுது? கியூபெக்கின் புதிய வெள்ள வலயச் சட்டவிதிகள் 2025 ஜூனில் வெளியாகி 2026 மார்ச் 1 இலிருந்து நடைமுறை. அவை ஆறு, ஏரி பெருகுவதைப் பற்றியவை. முகப்பு மழை ஆறு பெருகும்வரை காத்திருக்காது, குழாய் வழியாக வரும். அந்த வரைபடத்தில் உங்கட வீதி வெள்ளையாய் இருந்தால் நீங்கள் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, உங்களை யாரும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒட்டாவா 2024 வரவுசெலவுத் திட்டத்தில் தேசிய வெள்ளக் காப்புறுதி ஒன்று 2025க்குள் என்று வாக்குக் கொடுத்தது. 2025 போய்விட்டது.

நிச்சயமின்மை என்பது எல்லாருக்கும் சமமாய்ப் பங்கிடப்படுகிற சாமான் இல்லை. மொடல் குறைத்துச் சொன்னால், அந்தக் குறையை நிரப்புவது பேஸ்மென்ட். மொடல் கூட்டிச் சொன்னால், கொஞ்சம் பெரிய குழாய் புதைத்த செலவு, அதுவும் வரி கட்டுகிற எல்லாருக்கும் பிரிந்து போகும். இரண்டு பிழையில் எந்தப் பிழையின் பக்கம் நாங்கள் சாய வேணும் என்பது விஞ்ஞானி முடிவெடுக்கிற விஷயமில்லை. 'இன்னும் ஆய்வு தேவை' என்று ஒரு கவுன்சிலர் சொல்லும்போது அவர் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்.

'குழாயைப் பெருப்பித்தால் சொத்து வரி ஏறும், வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏத்துவார், கடைசியில் அதே அக்காதானே கட்டுவார்' என்று எங்கட கூட்டத்திலேயே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் குழாயை மட்டும் கேட்டால் போதாது. பார்க்கிங் அளவுக்கு ஏற்பப் பெரிய கடைத்தொகுதிகளிடமிருந்து மழைநீர்க் கட்டணம் வாங்கச் சொல்ல வேணும், தாரை விரிச்சவன் கட்டட்டும். பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறவர் தண்ணி பின்னடிக்காமல் தடுக்கிற வால்வு பூட்டியிருக்கிறாரா, அது வேலை செய்யுதா என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேணும். முந்தி வெள்ளம் வந்த வீடா என்பதையும்தான். பழைய கார் வாங்கினால் விபத்து வரலாறு கேட்கிறோம், பிள்ளைகள் படுக்கிற அறைக்குக் கேட்பதில்லை. சாக்கடை பின்னடிப்பை வாடகைக்காரர் காப்புறுதிக்குள் கட்டாயமாய்ச் சேர்க்கச் சொல்லி மாகாண அரசிடமும் கேட்க வேணும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று. கியூபெக்கில் நகரசபைக் கூட்டம் ஒவ்வொன்றிலும் பொதுமக்கள் கேள்வி நேரம் சட்டப்படி இருக்க வேணும். புரோசார்டிலும், லோங்கேயிலும், லசாலில் இருக்கிற தோழர்களுக்கு மொன்றியலிலும் கேட்க மூன்று கேள்வி: எங்கட பேட்டையின் மழைநீர்க் குழாய் எத்தனை வருஷத்து மழைக்கு வடிவமைத்தது? காலநிலைக்காக எத்தனை வீதம் கூட்டியிருக்கிறீர்கள், எந்த மொடலிலிருந்து? 2024 ஆகஸ்ட் 9 இல் எந்தெந்த வீதிகளில் இருந்து முறைப்பாடு வந்தது? பதில் தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம், 20 நாளுக்குள் பதில் தர வேணும், உங்களுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு இன்னும் 10 நாள் எடுக்கலாம். மூன்று கேள்வியையும் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, உங்கட வீதியின் பெயரையும் சேர்த்து. வாட்ஸ்அப் மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவருடைய பேஸ்மென்டிலும் தண்ணி வந்ததுதானே.